பரு போய்விட்டது, கறுப்பு போகவில்லை. இன்னும் எதைச் சேர்ப்பது?

கேள்வி – வெயில்நிழல்

பரு அடங்கி மூன்று மாதம். இரண்டு கன்னத்திலும் அது இருந்த இடமெல்லாம் புள்ளிகள். சில பழுப்பு, சில சிவப்பு. ஆறு வாரமாகக் காலையில் வைட்டமின் சி சீரம் 15%, இரவில் நியாசினமைடு 10%, வாரம் நான்கு நாள் கிளைகாலிக் அமிலம், ஒரு நாள் ஸ்கிரப். சன்ஸ்கிரீன் வெளியே போகும்போது மட்டும். இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது, புள்ளிகள் முன்பைவிடக் கறுத்துத் தெரிகின்றன. நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன் கிரீம் வாங்கலாமா?

பதில் – மேல்தோல்

சேர்க்க ஒன்றுமில்லை, குறைக்கத்தான் நிறைய இருக்கிறது.

புள்ளி என்பது தேய்த்தெடுக்கும் அழுக்கு அல்ல. தோலில் எங்கே அழற்சி வந்தாலும் அங்குள்ள மெலனோசைட்டுகள் என்ற நிறமி செல்கள் கூடுதலாக மெலனின் என்ற நிறமியைச் செய்து சுற்றியுள்ள செல்களுக்குத் தள்ளிவிடும். பரு ஒரு அழற்சி என்றால், ஸ்கிரப்பும் வாரம் நான்கு நாள் அமிலமும் நீங்களே உண்டாக்கும் இன்னொரு அழற்சி. எரிகிற முகம் கறுக்கத்தான் செய்யும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் இது இன்னும் சுலபமாக நடக்கும். எரிச்சல் முழுதாக நிற்கும்வரை, குறைந்தது இரண்டு வாரம், மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். அவ்வளவுதான்.

அதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். அடி தெளிவாக இருக்கும் கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்தி, அதன் வழியாகப் பாருங்கள். நிறம் வெளுத்து மறைந்து, எடுத்ததும் திரும்ப வந்தால் அது விரிந்த ரத்தக் குழாய்களின் சிவப்பு. நிறமி குறைக்கும் கிரீம் எதுவும் அங்கே பெரிதாக எடுபடாது. பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மங்கும். அடம்பிடித்தால் ரத்தக் குழாய்க்கான லேசர் உண்டு. அழுத்தியும் பழுப்பு அப்படியே நின்றால் மெலனின். அதிலும் பழுப்பு என்றால் மேல்தோலில் இருக்கிறது, மருந்துக்குக் கேட்கும். சாம்பல் கலந்த நீலம் என்றால் உள்தோலுக்கு இறங்கிவிட்டது. அங்கே கிரீம் எட்டுவது கடினம், மறைய வருடக்கணக்கிலும் ஆகலாம்.

பதில் – இரண்டுவிரல்

எல்லோரும் சீரத்துக்குச் செலவழித்துவிட்டு சன்ஸ்கிரீனில் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். குப்பியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயில் தடுப்பின் அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்குங்கள், கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் இருக்கட்டும். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி.

"வெளியே போனால் மட்டும்" என்பதையும் மாற்றுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரில் யுவிபி வகையை ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும், யுவிஏ வகை கணிசமாக உள்ளே வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும், முக்கியமாக அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே வரும் வகை தடுக்கும்.

எரிச்சல் நின்றபின் ஒரே ஒரு மருந்து போதும் என்றால் என் ஓட்டு அசெலாயிக் அமிலத்துக்கு, 15 அல்லது 20%. பருவையும் அடக்கும், நிறமியையும் குறைக்கும், கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தலாம். முதல் சில நாள் ஊறல் எடுக்கும். இரவில் மட்டும் தொடங்கிப் பழகியபின் காலையிலும். டிரெட்டினாயின் 0.025% கிரீமும் உண்டு, தொல்லை இதைவிட அதிகம். முகம் கழுவி நன்றாகக் காய்ந்தபின், மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, மூன்று இரவுக்கு ஒருமுறை. புள்ளிக்குப் புள்ளி அப்பினால் அந்த இடம் உரிந்து மறுபடி கறுக்கும். கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

அந்த வைட்டமின் சி குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடர்ந்த மஞ்சள் தாண்டிப் பழுப்பாகியிருந்தால் ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது, கொட்டிவிடலாம்.

பதில் – லேபிள்படி

ஹைட்ரோகுயினோன் நல்ல மருந்துதான், கையாளத் தெரிந்தால். மருத்துவர் எழுதிக் கொடுப்பது பொதுவாக 4%. இரவில், புள்ளியின்மேல் மட்டும். எல்லை தாண்டித் தடவினால் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். சுமார் 3 மாதத்தில் நிறுத்தி இடைவெளி விட வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுத்தால் ஓக்ரோனோசிஸ் என்ற நீலக்கறுப்பு படியும். அதை எடுப்பது மிகக் கடினம். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தால் தோலில் தற்காலிகக் கறை பிடிக்கும்.

இதைவிட ஆபத்து, ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயினோடு ஸ்டீராய்டும் கலந்த "மூன்று மருந்து" டியூப். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதனாலேயே விட மனசு வராது. பிறகு தோல் மெலிந்து நரம்போட்டம் தெரியும், பரு திரும்பும், நிறுத்தினால் சிவந்து எரியும். டியூப்பைத் திருப்பிப் படியுங்கள்: மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுகளில் ஒன்று இருந்தால், மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசியவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள். சேர்மானப் பட்டியலே இல்லாத வெளுப்பு கிரீமில் பாதரசம் இருக்கக்கூடும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எலுமிச்சைச் சாறு தடவச் சொல்லி யாராவது வருவார்கள். அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டு, புதிதாகக் கறுக்க வைக்கும்.

பதில் – மங்கு

எல்லாக் கறுப்பும் பரு விட்டுப்போனதல்ல. கன்னம், நெற்றி, மேலுதடு என்று இரு பக்கமும் ஒரே மாதிரி படர்ந்தால் அது மங்கு. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில் மூன்றும் தூண்டும், மங்கிய பின்னும் திரும்ப வரும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்தால் கிரீமை விட்டுவிட்டு ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். ஒற்றைப் புள்ளி வளர்கிறது, ஓரம் ஒழுங்கில்லை, 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, ரத்தம் கசிகிறது, அல்லது உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கருங்கோடு என்றால் எதையும் பூசாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வெயில்நிழல்

டம்ளரில் பார்த்தேன். பாதிக்கு மேல் மறைகிறது, மற்றவை பழுப்பாகவே நிற்கின்றன. அசெலாயிக் எத்தனை நாளில் தெரியும்?

மேல்தோல்

மறைகிறவற்றை விட்டுவிடுங்கள். பழுப்புக்கு 12 வாரம் கொடுங்கள். மேல்தோல் ஒருமுறை புதுப்பிக்கவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். தினமும் கண்ணாடியில் தேட வேண்டாம். 4 வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாமல் ஒரு படம்.