காத்மாண்டு குழந்தைகள் இல்லத்தில் பிசியோ தன்னார்வப் பணி: ஏஜென்ட் 4 வாரத்துக்கு 95,000 கேட்கிறார், போகலாமா?

வியாசர்பாடி_பிபிடி:
எல்லாருக்கும் வணக்கம். பிபிடி (பிசியோதெரபி பட்டம்) படிப்பும் இன்டர்ன்ஷிப்பும் முடிஞ்சது. நேபாளத்துல மாற்றுத்திறன் குழந்தைகள் இருக்கற ஒரு ஹோம்ல 4 வாரம் தங்கி வேலை செய்ய பெரம்பூர்ல ஒரு கன்சல்டன்சி மூலமா வாய்ப்பு வந்திருக்கு. கட்டணம் 95,000. டிக்கெட் தனி. "சர்டிஃபிகேட் கிடைக்கும், குழந்தைகளோட விளையாடினா போதும், அனுபவம் தேவையில்ல"ன்னு சொல்றாங்க. விசாவும் வேணாமாம்.

தெரிஞ்சுக்க வேண்டியது மூணு. ஹோம் சரியானதான்னு இங்கிருந்தே எப்படிக் கண்டுபிடிக்கறது? 4 வாரத்துல ஒரு பிசியோவால உருப்படியா என்ன செய்ய முடியும்? இங்க என்னென்ன பேப்பர், என்னென்ன ஊசி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை_சேகர்:
"அனுபவம் தேவையில்ல"ங்கற வார்த்தையிலயே பாதி பதில் இருக்கு தங்கச்சி. நம்ம ஊர்ல எந்த ஹோமாவது முன்பின் தெரியாத ஒருத்தரை வெறும் பணம் வாங்கிட்டு பிள்ளைங்க கூட ஒரு மாசம் தங்க விட்டா என்ன சொல்வோம்? வெளிநாடுன்னா மட்டும் அது சேவை ஆயிடுது.

முதல்ல பின்னணி. உலகம் முழுக்க ஹோம்கள்ல இருக்கற பிள்ளைங்கள்ல அஞ்சுல நாலு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு சேவ் த சில்ட்ரன்ங்கற குழந்தைகள் நல அமைப்பு 2009லயே எழுதிட்டாங்க. நேபாளத்துல 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுச் சண்டை நேரத்துல ஹும்லா மாதிரி மலை மாவட்டங்கள்ல புரோக்கர்கள் போய் "உங்க பிள்ளையைப் படிக்க வைக்கறோம்"னு சொல்லி, பெத்தவங்க கிட்டயே காசு வாங்கிட்டு காத்மாண்டுக்குக் கொண்டு வந்தாங்க. அந்தப் பிள்ளைங்களைக் காட்டி வெளிநாட்டுக்காரங்க கிட்டயும் காசு. காசு கட்டற தன்னார்வலர் வர வர ஹோம்ல படுக்கை நிறையணும், அதுக்குப் பிள்ளை வேணும். இதனாலதான் ஆஸ்திரேலியா 2018ல நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தப்போ, ஹோம்களுக்காகப் பிள்ளைங்களைக் கடத்தறதும் அங்க பெரிய பேச்சாச்சு. 2019 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் இந்த ஹோம் சுற்றுலாவைத் தடுக்கணும்னு நாடுகளைக் கேட்டுக்கிச்சு.

இங்கிருந்தே சரிபார்க்க, ஏஜென்டை விட்டுட்டு ஹோமுக்கே மெயில் போடுங்க. நேபாளத்துல 2018 குழந்தைகள் சட்டத்துக்கு அப்புறம் தேசிய குழந்தை உரிமைக் கவுன்சில்னு ஒரு அமைப்பு இருக்கு. ஹோமோட பதிவு விவரத்தை அவங்க கிட்டயும் எழுதிக் கேக்கலாம். பதிவுச் சான்று நகல், குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை, ரெண்டையும் கேளுங்க. அதுக்கு மேல முக்கியமான கேள்வி ஒண்ணு: "போன வருஷம் எத்தனை பிள்ளைங்க வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க?" நல்ல ஹோம்ல இதுக்குன்னு ஒரு ஆள் இருப்பார், கணக்கும் இருக்கும். மோசமான ஹோம்ல இந்தக் கேள்வியே புரியாது, இல்லன்னா "எல்லாருமே அநாதைங்க"ன்னு ஒரே வரியில பதில் வரும்.

95,000ஐப் பிரிச்சு எழுத்துல கேளுங்க. தங்கறது எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, ஹோமுக்கு எவ்வளவு, கன்சல்டன்சிக்கு எவ்வளவு. "எல்லாம் சேர்த்துத்தான்"னு வந்தா நடையைக் கட்டுங்க.

அவங்க உங்க கிட்ட என்ன கேக்கறாங்கன்னும் பாருங்க. போலீஸ் சான்று, ரெண்டு பேரோட பரிந்துரை, வீடியோ கால்ல நேர்காணல். மூணுல எதுவுமே கேக்கலைன்னா, உங்களுக்கு முன்னாடி வந்தவங்க கிட்டயும் கேட்டிருக்க மாட்டாங்க. அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். ராத்திரி ஹோமுக்குள்ளயே தங்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. பிள்ளையைத் தனியா வெளிய கூட்டிட்டுப் போறது கூடவே கூடாது.

தண்டையார்பேட்டை_அக்கா:
சேகர் சொன்னது சரி. ஆனா பிசியோ விஷயத்தைத் தனியாப் பார்க்கணும். பாட்டு பாடி பலூன் ஊதறவங்க 4 வாரத்துல கிளம்பினா, ஒட்டிக்கிட்ட பிள்ளைக்கு இன்னொரு பிரிவுதான் மிச்சம். யார் வந்தாலும் ஓடி வந்து கட்டிப் பிடிக்கற பிள்ளையைப் பார்த்து "எவ்வளவு பாசம்"னு போட்டோ போடறாங்க. நிலையா ஒரு ஆள் இல்லாத பிள்ளைங்க கிட்ட வர்ற அறிகுறி அது. நீங்க பிள்ளைங்களுக்கு நேரா வேலை செய்யப் போகாதீங்க. அங்க இருக்கற ஆயாம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போங்க. அவங்கதான் நீங்க கிளம்பின பிறகும் இருப்பாங்க.

எடுத்துக்க வேண்டிய முதல் வேலை சாப்பாடு ஊட்டறது. சிபி (பெருமூளை வாதம்) இருக்கற பிள்ளைங்க உள்ள ஹோம்ல உடற்பயிற்சியை விட இதுதான் அவசரம். ஒரு ஆயாம்மாவுக்கு ஏழெட்டுப் பிள்ளைங்க. ஒரு பிள்ளைக்கு ஒழுங்கா ஊட்ட அரை மணிக்கு மேல ஆகும். அதனால படுக்க வெச்சே, தலையைப் பின்னாடி சாய்ச்சு, வாயில விட்டுட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிடுவாங்க. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போகும், அடிக்கடி நிமோனியா வரும். சில பிள்ளைங்களுக்குப் புரையேறினாலும் இருமலே வராது, கண்ல தண்ணி மட்டும் வரும், இல்லன்னா சாப்பிட்டதும் மூச்சு கரகரன்னு இருக்கும். அதைக் கவனிக்கச் சொல்லிக் கொடுங்க.

செய்முறை: இடுப்பு நல்லா பின்னாடி ஒட்டி உட்காரணும், பாதம் எதன் மேலயாவது பதியணும், தலை நேரா, தாடை லேசா கீழ. ஊட்டறவங்க நின்னுக்கிட்டு ஊட்டக்கூடாது. பிள்ளை நிமிர்ந்து பார்த்தாலே மூச்சுக்குழாய்ப் பக்கம் திறந்துக்கும், சாப்பாடு அதுக்குள்ள போயிடும். பிள்ளையோட கண் மட்டத்துல உட்காரணும். குழியில்லாத தட்டையான ஸ்பூன், அரை ஸ்பூன் அளவு, விழுங்கினது தெரிஞ்ச பிறகுதான் அடுத்தது. நேபாளத்துல தினமும் தால் பாத். தண்ணியான பருப்பும் உதிரிச் சோறும் ஒண்ணா வாய்க்குள்ள போறது இந்தப் பிள்ளைங்களுக்கு ரொம்பக் கஷ்டம், ஏன்னா தண்ணி முதல்ல ஓடிடும், பருக்கை பின்னாடி தங்கிடும். ரெண்டையும் சேர்த்து ஸ்பூன்ல இருந்து வழியாத பதத்துக்குக் குழைய மசிக்கணும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது. எல்லாருக்கும் ஒரே நேரத்துல சாப்பாடுங்கற டைம்டேபிளை ரெண்டு பந்தியாப் பிரிக்கச் சொல்லுங்க. அது வார்டன் கையில இருக்கு, அதனால பயிற்சியில வார்டனையும் உட்கார வைங்க.

அடுத்தது உட்கார்ற நாற்காலி. தானமா வந்த பெரியவங்க வீல்சேர்ல சின்னப் பிள்ளை சரிஞ்சு கிடக்கும். முதுகும் வளையும், புண்ணும் வரும். டேப் வெச்சு அளவெடுங்க. அகலம் பிள்ளையோட இடுப்பு அகலம்தான். ஆழம், இடுப்புப் பின்பக்கத்துல இருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் உள்ள நீளத்துல 3 முதல் 6 செ.மீ. குறைச்சு. கால் பலகை, முழங்கால் மடிப்புல இருந்து குதிகால் வரைக்கும் உள்ள உயரத்துல. மெத்தை போட்டா அது அமுங்கின பிறகு இருக்கற கனத்தையும் கணக்குல சேர்த்துக்கங்க. இடுப்புப் பெல்ட் தொடைக்கு மேல 45 டிகிரி சாய்வுல இறங்கணும், வயித்தைச் சுத்திக் கட்டக்கூடாது. உள்ளூர் ஆசாரியே பிளைவுட்ல செஞ்சுடுவார். காசு இல்லாத ஹோம்னா அட்டைப்பெட்டியை அடுக்கி மைதாப் பசையில ஒட்டியும் செய்யலாம், நல்லா காஞ்ச பிறகு வார்னிஷ் அடிக்கணும், இல்லன்னா ஒரு மழைக்கே ஊறிப் போயிடும்.

ஒரு எச்சரிக்கை. வந்த வேகத்துல விறைச்ச காலை இழுத்து நீவ ஆரம்பிக்காதீங்க. நடக்காத பிள்ளைங்களோட எலும்பு மெலிஞ்சு இருக்கும்; வலிப்பு மாத்திரை சாப்பிடற பிள்ளைங்களுக்கு வைட்டமின் டி இன்னும் குறைவு. தொடை எலும்பு முறியறது நிஜமா நடக்கற விஷயம், அதுவும் பேச முடியாத பிள்ளைன்னா ரெண்டு நாள் கழிச்சு வீக்கம் வந்த பிறகுதான் தெரியும்.

வியாசர்பாடி_பிபிடி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஹோமுக்கு நேரா மெயில் போட்டுட்டேன். ரெண்டு சந்தேகம். 4 வாரத்துக்கு மேல லீவு கிடைக்காது, அது பத்துமா? எனக்கு ஹிந்தி சுமார்தான், சமாளிக்க முடியுமா? பேப்பர் பத்தியும் யாராவது சொல்லுங்க.

மிண்ட்_பழனி:
பேப்பர் விஷயம் நான் சொல்றேன்.

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேணாம்கறது உண்மை. விமானத்துல போக பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி. ஆதார் காட்டினா ஏத்த மாட்டாங்க. ஆனா விசா வேணாம்னா எல்லா வேலையும் செய்யலாம்னு அர்த்தமில்ல. அங்க பிசியோதெரபிஸ்டுகளைப் பதிவு செய்யறது நேபாள் ஹெல்த் புரொபஷனல் கவுன்சில். பிள்ளைங்க மேல கை வைக்கறதுக்கு உங்களுக்குத் தற்காலிகப் பதிவு வேணுமான்னு ஹோம் எழுத்துல சொல்லணும். ஆயாம்மாக்களுக்குப் பயிற்சி கொடுக்கறது மட்டும்னாலும் அதையும் எழுதி வாங்குங்க.

போலீஸ் சான்று: பாஸ்போர்ட் சேவா மூலமா வாங்கற பிசிசிக்குக் கட்டணம் 500 ரூபாய், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அமைந்தகரை சேவா கேந்திரா வசதி. ஆனா அது வெளிநாட்டு வேலை, குடியிருப்பு, நீண்ட கால விசா மாதிரி காரணங்களுக்குத்தான், டூரிஸ்டாப் போறவங்களுக்குத் தர மாட்டாங்க. அங்க திருப்பி அனுப்பிட்டா தமிழ்நாடு போலீஸோட ஆன்லைன் சேவையில தனிநபர் சரிபார்ப்புக்குப் போடுங்க, உங்க ஏரியா ஸ்டேஷன் மூலமா விசாரிச்சு வரும். வீடு மாறி ஆதார்ல பழைய முகவரி இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. நிறைய விண்ணப்பம் மாட்டறது அங்கதான்.

ஊசி: ஹெபடைடிஸ் பி 0, 1, 6 மாசக் கணக்குல மூணு டோஸ். காலேஜ்ல போட்டிருப்பாங்க, சீட்டைத் தேடி எடுங்க. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி) ரெண்டு டோஸ், நடுவுல 28 நாள். சின்னம்மை வந்ததில்லைன்னா அதுக்கும் ரெண்டு டோஸ். டைபாய்டு கிளம்ப ரெண்டு வாரம் முன்னாடியாவது. ஹெபடைடிஸ் ஏவும் கேளுங்க. காத்மாண்டு தெருவுல நாய் அதிகம். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடற ஊசி 0, 7ஆம் நாள்னு ரெண்டு முறை. காசநோய் பரிசோதனை மறக்காதீங்க, உங்களைக் காப்பாத்த மட்டும் இல்ல, அந்தப் பிள்ளைங்களுக்காகவும். மஞ்சள் காய்ச்சல் ஊசி நேபாளத்துக்கு வேணாம். கென்யா, உகாண்டா பக்கம் ஹோம் தேடறவங்களுக்குத்தான். அதுக்கு ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கு. போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அட்டை செல்லும்.

ராயபுரம்_மீனா:
4 வாரம் பத்துமான்னு கேட்டதுக்கு: பிள்ளைங்களோட பழக 4 வாரம் ரொம்பக் குறைவு, ஆனா ஆறு ஆயாம்மாக்களுக்கு ஊட்டற முறையைச் சொல்லிக் கொடுக்க 2 வாரமே போதும். முதல் வாரம் எதையும் மாத்தாம மூணு வேளையும் கவனிங்க. ரெண்டாவது வாரம் பயிற்சி. மூணாவது வாரம் அவங்க ஊட்டட்டும், நீங்க பக்கத்துல உட்காருங்க. நாலாவது வாரம் நாற்காலி அளவும், பிள்ளை வாரியா சுவத்துல ஒட்டற படமும். முகம் தெரியாத கோட்டுப் படமா இருக்கட்டும், போட்டோ வேணாம். திரும்பி வந்த பிறகு ஆறு மாசத்துக்கு மாசம் ஒரு வீடியோ கால்னு ஒப்பந்தத்துலயே எழுதுங்க.

ஹிந்தி சுமார்னாலும் காத்மாண்டுல ஆயாம்மாக்களுக்கு ஓரளவு புரியும். ஆனா நேபாளியில "விழுங்கு, நிறுத்து, வலிக்குதா, இன்னும் வேணுமா" மாதிரி ஒரு இருபது சொல்லாவது பிள்ளைங்களுக்காகக் கத்துக்கங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி இங்க பழகிப் பார்க்கணும்னா கோட்டூர்புரம் வித்யாசாகர், முட்டுக்காட்டுல இருக்கற பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ரெண்டுலயும் கேளுங்க. சிபி பிள்ளைங்களுக்கு உட்கார்றது, ஊட்டறது ரெண்டும் அவங்களுக்கு அத்துப்படி. ராயபுரத்துல அரசு குழந்தைகள் இல்லமும் இருக்கு, ஆனா நேரா கேட்ல போய் நின்னா உள்ள விட மாட்டாங்க. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல எழுத்துப்பூர்வமா அனுமதி வாங்கணும். தனியார் ஹோம்னா 2015 இளைஞர் நீதிச் சட்டம் 41ஆம் பிரிவுல பதிவு இருக்கான்னு கேளுங்க. பிள்ளைங்க அடையாளம் தெரியற படத்தை வெளியிட்டா அதே சட்டம் 74ஆம் பிரிவுல 6 மாசம் வரை ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அங்க போய் ஏதாவது தப்பாத் தெரிஞ்சா நேபாளத்துலயும் குழந்தைகள் உதவி எண் 1098தான்.

கொருக்குப்பேட்டை_சேகர்:
மெயிலுக்குப் பதில் வந்தா, பேர், ஊர் மறைச்சு இங்க போடுங்க தங்கச்சி. அந்த "எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினாங்க" கேள்விக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்துட்டு மேற்கொண்டு சொல்றேன். அதுவரைக்கும் கன்சல்டன்சிக்கு அட்வான்ஸ் எதுவும் கட்டாதீங்க.