கடலூர், புதுச்சேரிப் பகுதியில் குதிரையேற்றக் கழகம்: வரலாறும் பயிற்சியும்

கேள்வி: மஞ்சக்குப்பத்தார்

வணக்கம். பத்து வயதாகும் என் மகள் குதிரையேற்றம் கற்க விரும்புகிறாள். கடலூரிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் இதற்கான கழகமோ பள்ளியோ உண்டா, சவாரியைத் தவிர அங்கே வேறென்ன கற்றுத்தருவார்கள் என்று தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன். நம் பக்கத்துக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். அவர்களிடம் எடுத்துச்சொல்லத் தக்க வரலாறு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

மறுமொழி: செஞ்சி வாசகர்

ஐயா, பெரியவர்களுக்குத் தேசிங்கு ராஜனை நினைவூட்டுங்கள். 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துப் போரிட்டு இளவயதிலேயே மாண்ட அவன் வடக்கிலிருந்து வந்த குடியைச் சேர்ந்தவன்தான். ஆனால் அவனையும் அவன் குதிரையையும் கதைப்பாடலாக்கித் தலைமுறைகளாகப் பாடிவருபவர்கள் நம் மக்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களை அடுக்கும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளைத்தான் முதலில் வைக்கிறது. பாண்டியர்கள் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை, அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லாமையால் மடிந்துபோயின என்று 13-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். என் எண்ணத்தில் ஒரு குதிரையேற்றக் கழகத்தின் தேவையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மறுமொழி: கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு தாய்

கடலூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், ஆரோவில்லில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி உள்ளது. அது நடத்திவந்த போட்டிகளில் வெளியூர் வீரர்களும் கலந்துகொண்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் சேர்த்தாலும் முதலில் லாயத்தைப் போய்ப் பாருங்கள். தரை ஈரமின்றி இருக்கிறதா, தண்ணீர் எந்நேரமும் கிடைக்கிறதா, குதிரையின் முதுகில் சேணம் உராய்ந்த புண் இருக்கிறதா என்பவை கட்டண விவரத்தைவிட முக்கியமானவை.

நல்ல பயிற்சியில், பிள்ளை குதிரைமீது ஏறுவதற்கு முன்பே அதன் உடம்பைத் தேய்த்துவிடவும், குளம்பில் சிக்கிய கல்லையும் மண்ணையும் கொக்கியால் எடுக்கவும், சேணமும் கடிவாளமும் பூட்டவும் கற்கிறது. பிறகு ஆசிரியர் நீண்ட கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாக நடத்த, பிள்ளை கைப்பிடியின்றி அமர்ந்து உடலின் சமநிலையைப் பழகும். இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தாதீர்கள். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும் பழக்கம் வந்துவிட்டால் குதிரையின் வாய் புண்ணாகும். நடை, ட்ராட் (துள்ளுநடை), கேண்டர் (மெதுவான பாய்ச்சல்) ஆகியவை கைவந்த பின்னரே டிரெஸ்ஸாஜும் (சவாரியாளரின் நுட்பமான சைகைக்கேற்பக் குதிரை ஒழுங்காக அசைந்து காட்டும் கலை) தடை தாண்டுதலும் வரும். இந்த டிரெஸ்ஸாஜில்தான் 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டு அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982 தில்லிப் போட்டிகளுக்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

மறுமொழி: வில்லியனூர் கால்நடை ஆர்வலர்

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் கடற்கரையின் வெப்பமும் புழுக்கமும் சேரும்போது குதிரையின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆகவே கோடையில் விடியற்காலையிலேயே வகுப்பை முடித்துவிடும் இடமாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும் என்பதால் அந்த மாதங்களில் வகுப்புகள் தடைப்படுவதைக் குறையாகக் கருத வேண்டாம். பாசத்தினால் வீட்டிலிருந்து தின்பண்டம் கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. தவறான தீனியால் வரும் வயிற்றுவலி அதன் உயிரையே பறித்துவிடும். கொள்ளாயினும் புல்லாயினும் லாயத்தார் சொல்லும் அளவில், அவர்கள் முன்னிலையிலேயே மகள் கொடுக்கட்டும். தலைக்கவசமும் குதிகால் உள்ள மூடுகாலணியும் முதல் வகுப்பிலிருந்தே கட்டாயம். செருப்பாக இருந்தால், விழும்போது கால் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம்) நழுவிச் சிக்கிக்கொள்ளும்.