கோத்தகிரி: பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் லோகோ வரை வந்து திரும்பிவிடுகிறது

இலைக்கணக்கு, கோத்தகிரி

சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடை போட்டு வாங்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். பதினாலு வருஷ டெஸ்க்டாப்: கோர் 2 டியோ, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. ஐப்பசி மழையில் நாலு நாள் கரண்ட் இல்லை. வந்ததும் ஆன் செய்தால், கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று காட்டி எஃப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். லோகோவின் நாலு வண்ணப் பொட்டுகள் சுழன்று ஒன்று சேர்வதற்குள் நீலமாக ஏதோ மின்னுகிறது, மறுபடி முதலிலிருந்து. ஸ்டார்ட்அப் ரிப்பேர் அரை மணி நேரம் ஓடிக் கைவிரித்துவிட்டது. கடையில் "டிஸ்க் போச்சு, ஃபார்மேட்தான்" என்கிறார்கள். மூன்று வருஷக் கணக்கு உள்ளே இருக்கிறது. பென்டிரைவில் கடைசியாக ஏற்றியது ஆடியில், திட்டாதீர்கள்.

பனிமூட்டம், ஊட்டி

மலையில் காற்று மெல்லிசு, டிஸ்க் அதனாலேயே சீக்கிரம் போகும். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக் டிஸ்க் கட்டளையை 'ஆர்' சேர்த்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.

பழைய பெட்டி, குன்னூர்

செக் டிஸ்க்கை இப்போது தொடாதீங்க. 'ஆர்' போட்டால் அது டிஸ்க்கை ஒவ்வொரு செக்டராக, அதாவது சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கும். டிஸ்க் நிஜமாகவே நொந்திருந்தால் அந்த ஓட்டத்திலேயே உயிர் போய்விடும். உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் காற்றில்தான் மிதக்கிறது, சரி. ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர் வரை அனுமதி உண்டு. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

எனக்குச் சந்தேகம் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி மேல். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் பவர் சப்ளை பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) செட்டிங்கைத் தாங்கும். அந்த செட்டிங் இருக்கும் இடம்தான் உங்கள் திரை சொன்ன சிமாஸ். நாலு நாள் கரண்ட் போனால் பாரம் முழுக்க அந்தப் பேட்டரி மேல்தான். அது செத்திருந்தால் செட்டிங் எல்லாம் அழியும். தேதி மட்டும் போனால் பரவாயில்லை, டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடும் மாறிவிடும். அதில் ஏஹெச்சிஐ, ஐடிஇ என்று வகைகள் உண்டு. ஏஹெச்சிஐ-யில் போட்ட விண்டோஸ் 7-ஐ பயாஸ் திடீரென்று ஐடிஇ-யில் எழுப்பினால், தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் நீலத்திரை காட்டும்.

ஆன் செய்ததும் எஃப்8 தட்டி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுங்க. நீலத்திரை அப்படியே நிற்கும். எண் 7பி என்று முடிகிறதா பாருங்க. பயாஸில் தேதியையும் பாருங்க.

இலைக்கணக்கு, கோத்தகிரி

அண்ணா, 7பி-யேதான்! பயாஸில் தேதி 2009 ஜனவரி 1. சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்தது. ஏஹெச்சிஐ என்று மாற்றியதும் எழுந்துவிட்டது. ஆனால் இப்போது டிஸ்க்கைச் சோதிக்கப் போகிறேன் என்று பத்து, ஒன்பது என எண்ணுகிறது. பயந்து ஒரு கீயை அழுத்தித் தடுத்துவிட்டேன்.

பழைய பெட்டி, குன்னூர்

தடுத்தது நல்லது. முதலில் கணக்கு ஃபோல்டரைப் பென்டிரைவுக்கு மாற்றுங்க, மற்றதெல்லாம் அப்புறம். பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 5, 197 என்ற எண்ணுள்ள இரண்டு வரிகளையும் பாருங்க. 5 என்பது டிஸ்க் ஏற்கெனவே மாற்று இடம் கொடுத்த செக்டர். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பது. பேட்டரிக்கு சிஆர் 2032 என்று கேளுங்க, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்க.

ஏரிக்கரை, கொடைக்கானல்

பெட்டியைத் திறக்கும்போது ரேமையும் கழற்றி, தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் ஒரு தேய். எங்கள் மழைக்காலத்தில் பாதி கம்ப்யூட்டர் அந்த ஈரத்தில்தான் மக்கர் பண்ணும்.

இலைக்கணக்கு, கோத்தகிரி

5-இல் சைபர். 197-இல் 8. ஃபோல்டரைக் காப்பி செய்யும்போது புரட்டாசி ஃபைலில் வந்து நின்றுவிட்டது, மற்றதெல்லாம் வந்துவிட்டது.

பழைய பெட்டி, குன்னூர்

அந்த எட்டு செக்டரில் அது மாட்டியிருக்கும். லினக்ஸை இன்னொரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு புரோகிராமை வைத்து முழு டிஸ்க்கையும் புது எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) நகலெடுங்க. படிக்க வராத இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயலும். எது மூலம், எது நகல் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்க. மாறினால் காலி எஸ்எஸ்டி உங்கள் கணக்கின் மேல் எழுதப்படும். செக் டிஸ்க்கை நகலில் மட்டும் ஓட்டுங்க.

இலைக்கணக்கு, கோத்தகிரி

நகல் முடிந்து, பேட்டரியும் மாற்றி, எஸ்எஸ்டியில் ஓடுகிறது. புரட்டாசி மட்டும் திறக்கவில்லை. எடைச் சீட்டுக் கட்டு ரப்பர் பேண்ட் போட்டபடி மேஜை டிராயரில் இருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து அடிக்க வேண்டியதுதான்.