லாரா இங்கல்ஸ் வைல்டர் கதைகள்: மகள் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

புத்தக அலமாரி (கேள்வி)

என் மகளுக்கு ஒன்பது வயது. அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் சிறுவயது வாழ்க்கையை வைத்து எழுதிய சிறார் கதைகளை, ஆங்கில நூலை மடியில் வைத்துக்கொண்டு, இரவுதோறும் தமிழில் வாய்மொழியாகச் சொல்லி வருகிறேன். 1932-இல் வெளிவந்த முதல் நூலில், விஸ்கான்சின் காட்டு மரவீட்டில் நடப்பவை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டன. பன்றியறுத்த நாளில் சிறுநீர்ப்பையை ஊதிக் கட்டி, அக்காளும் தங்கையும் அதைத் தட்டித் தட்டி விளையாடும் இடத்தை மூன்று முறை சொல்ல வைத்தாள். மேப்பிள் மரச் சாற்றைத் தாத்தா காய்ச்சும் இடத்தை, பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது போல என்று விளக்கினேன். "அப்படின்னா அது அவங்க ஊர்ப் பனைமரமாப்பா?" என்று கேட்டாள்.

சிக்கல், லாராவின் குடும்பம் கான்சாஸ் மாநிலப் புல்வெளிக்குக் குடியேறும் நூலில்தான் வந்தது. அந்தப் புல்வெளியில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கும்போது லாராவின் அப்பா எப்படி அங்கே வீடு கட்டலாம் என்று அவள் கேட்டபோது, நேரமாகிவிட்டது என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன். இக்கதைகளில் எவ்வளவு உண்மை, அந்த அத்தியாயங்களைத் தாண்டிச் செல்லலாமா என்பதை வாசித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிலேட்டுப்பலகை

தாண்டிச் செல்லாதீர்கள் ஐயா. உங்கள் மகள் கேட்டது அந்நூலின் அடிப்படைக் கேள்வி.

அது ஓசேஜ் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நிலம். இங்கல்ஸ் குடும்பம் 1869-இல் இன்டிபென்டன்ஸ் என்ற ஊருக்கு அருகே குடியேறியபோது, அந்த நிலம் சட்டப்படி இன்னும் ஓசேஜ் மக்களிடம்தான் இருந்தது. 1870-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்குப் பிறகே அவர்கள் இன்றைய ஓக்லஹோமா பகுதிக்குப் பெயர வேண்டியதாயிற்று. கதையில் வரிசையாகக் குதிரைகளில் போகும் மக்களைச் சிறுமி கண்கொட்டாமல் பார்க்கிறாளே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த வெளியேற்றம்தான்.

அங்கே இருந்தபோது லாராவுக்கு இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான் இருக்கும். தங்கை கேரி பிறந்ததே கான்சாஸில், 1870 ஆகஸ்டில்; ஆனால் நூலில் அவள் கைக்குழந்தையாக வண்டியிலேயே வந்துவிடுகிறாள். ஆகவே அது பெற்றோர் சொல்லக் கேட்டதை அறுபது வயதுக்கு மேல் ஒருவர் கோத்தெடுத்த கதை. எழுத்தைச் செப்பனிட்டதில் லாராவின் மகள் ரோஸ் வைல்டர் லேனின் பங்கும் பெரிது. பூர்வகுடிகள் மட்டுமே வாழ்ந்த இடத்தை மனிதர்களே இல்லாத இடம் என்று சொன்ன ஒரு வரியை, வாசகர் ஒருவர் 1952-இல் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டிய பிறகே திருத்தினார்கள். வைல்டரின் பெயரில் இருந்த சிறார் இலக்கிய விருதுக்கு 2018-இல் வேறு பெயர் சூட்டப்பட்டதும் இத்தகைய பகுதிகளால்தான்.

அதே நூலில் குடும்பம் முழுவதும் காய்ச்சலில் கிடக்கும்போது வைத்தியம் பார்க்கும் கறுப்பின மருத்துவர் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஜார்ஜ் டான் என்ற உண்மையான மனிதர். அந்தக் காய்ச்சல் மலேரியா. தர்ப்பூசணி தின்றதால் வந்தது என்று பக்கத்து வீட்டு அம்மாள் அடித்துச் சொல்வார். அப்பாவோ ஒரு பழத்தைக் கொண்டுவந்து நிதானமாக வெட்டித் தின்பார். அதையும் விட்டுவிடாதீர்கள்.

மோர்க்குழம்பு

சகோதரி சொல்லும் வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது வயதுக்கு இவ்வளவையும் ஒரே இரவில் இறக்கி வைக்க வேண்டுமா? அந்தப் பிள்ளையை ஈர்த்தது வேலைகளின் நுணுக்கம். எனக்கும் அப்படித்தான். குளிர்காலத்து வெண்ணெய் வெளுத்திருக்கும் என்பதற்காக, அப்பா ஆணியடித்துத் துளையிட்டுக் கொடுத்த தகரத்தில் அம்மா கேரட்டைத் துருவி, பாலில் காய்ச்சி, துணியில் பிழிந்து, அந்த மஞ்சள் பாலைப் பாலாடையோடு சேர்த்துக் கடைவாள். பிழிந்த சக்கை பிள்ளைகளுக்கு. அன்பு என்ற சொல்லே வராமல் வீட்டின் அன்பு தெரிந்துவிடுகிறது.

இப்போதைக்குக் கான்சாஸை நிறுத்திவிட்டு, 1933-இல் வந்த 'ஃபார்மர் பாய்' நூலை எடுங்கள். நியூயார்க் மாநிலத்தின் வடகோடிப் பண்ணையில் வளரும் அல்மான்சோ அதில் ஒன்பது வயதை எட்டும் பையன். பிற்காலத்தில் லாராவின் கணவர். எலுமிச்சைச் சாறு குடிக்க அவன் சில்லறை கேட்கப் போக, உருளைக்கிழங்கு எப்படி விளைகிறது என்று அப்பா அவன் வாயாலேயே சொல்ல வைத்து, இந்த அரை டாலருக்குள் இருப்பது அந்த உழைப்புதான் என்று காசைக் கையில் கொடுத்துவிடுவார். பையன் பன்றிக்குட்டி வாங்குவான்.

நாவல்மரம்

நிறுத்தவும் வேண்டாம், பாடம் நடத்தவும் வேண்டாம். இன்னொரு நூலைப் பக்கத்தில் வையுங்கள். ஓஜிப்வே என்ற பூர்வகுடியின் வழிவந்த எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிக் 1999-இல் எழுதிய 'தி பர்ச்பார்க் ஹவுஸ்', 1847-இல் சுப்பீரியர் ஏரித் தீவில் வாழும் ஒமகாயாஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் ஓராண்டுக் கதை. தோல் பதப்படுத்துவது, காட்டு நெல் உதிர்ப்பது, பாட்டியின் கதைகள் என்று அதுவும் குடும்பக் கதைதான். மேப்பிள் சாறு காய்ச்சும் இடமும் உண்டு. உங்கள் மகளின் பனைமரம் அங்கேயும் நிற்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குளிர்காலப் பகுதியில் பெரியம்மை வந்து கைக்குழந்தைத் தம்பி இறந்துபோகிறான். முதலில் நீங்கள் தனியாக வாசித்துவிடுவது நல்லது. லாராவுக்கும் ஒரு தம்பி இருந்தான். ஒன்பது மாதத்தில், 1876-இல் இறந்துபோன அவனை இந்தச் சிறார் நூல்களில் எங்கும் காண முடியாது. எர்ட்ரிக் உள்ளே வைத்த துக்கத்தை வைல்டர் வெளியே வைத்துவிட்டார். எது சரி என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

புத்தக அலமாரி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு நானே பேச்செடுத்து, அது ஓசேஜ் மக்களின் நிலம் என்றும் லாராவின் அப்பா செய்தது சரியல்ல என்றும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லாராவுக்கு அது தெரியுமா?" என்றாள். அப்போது அவளுக்கு மூன்று வயதுதான் என்றேன். "பெரியவளானப்புறம்?" என்றாள். எர்ட்ரிக்கின் நூலை வாங்க ஏற்பாடு செய்திருக்கிறேன். கேரட் வெண்ணெய் ஞாயிற்றுக்கிழமைக்கு.