கன்ட்ரி இசை: கிட்டார் விருதை வேகத்துக்குக் கொடுப்பதா, குரலுக்குப் பின்னால் நிற்பதற்குக் கொடுப்பதா?

ஆறாம்கம்பி எழுதியது:

எட்டு வருஷமாக ஒரு பழைய டெலிகாஸ்டரில், அதாவது ஒரு வகை எலெக்ட்ரிக் கிட்டாரில், அமெரிக்கக் கன்ட்ரி இசை வாசிக்கப் பழகுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரோடு பெரிய வாக்குவாதம். கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன், அதாவது சிஎம்ஏ, வருஷா வருஷம் ஒரு வாத்தியக் கலைஞருக்கு விருது கொடுக்கிறதே, அதைப் பற்றி. கிட்டார் கலைஞர் மேக் மெக்கனாலி 2008 முதல் 2015 வரை விடாமல் எட்டு முறை வாங்கினார், பிறகு 2017, 2018 என்று மொத்தம் பத்து. வேகமாகக் கிட்டாரும் வாசிக்கிற பாடகர் பிராட் பெய்ஸ்லி மூன்று முறை அதே சிஎம்ஏவில் சிறந்த ஆண் பாடகர், 2010இல் அங்கே எண்டர்டெய்னர் விருதும் அவருக்குத்தான். ஆனால் வாத்தியத்துக்கு ஒன்றுகூட இல்லை. "அந்த விரல்களைப் பார்த்த பிறகும் இப்படியா?" என்கிறார் நண்பர்.

என்னால் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் மனசு ஒப்பவும் இல்லை. காரணம் பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ். அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது போலத்தான் இருக்கும், வாய் பெரிதாகத் திறக்காது. ஆனால் ஒரே அசையை மேலே பிடித்து, வழுக்கிக் கீழே கொண்டுவந்து, அடியில் ஒரு சின்ன அசைவு கொடுத்து விடுவார். நம் ஆட்கள் ஜாரு என்பார்களே, கிட்டத்தட்ட அது. 'டென்னசி விஸ்கி' பாட்டை அவர் 1983இல் பாடியதையும், கிறிஸ் ஸ்டேப்பிள்டன் 2015இல் பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஸ்டேப்பிள்டன், சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பின இசையைப் பாடுகிறவர் மாதிரி, முதல் வரியிலேயே பிருகாக்களைக் கொட்டுகிறார், தொண்டையில் கரகரப்பு. ஜோன்ஸ் அதே வரியைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இறக்குகிறார். இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த இரண்டு குரலுக்கும் பின்னால் ஒரே கிட்டாரை வைக்க முடியாது.

அதனால் கேட்கிறேன்: கன்ட்ரியில் நல்ல கிட்டார் கலைஞரை எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

நைட்ஷிப்ட்:

நான் உங்கள் நண்பர் பக்கம். பெய்ஸ்லியின் 2008 ஆல்பத்தில் 'க்ளஸ்டர் ப்ளக்' என்று ஒரு வாத்திய இசை இருக்கிறது. ஜேம்ஸ் பர்ட்டன், ஆல்பர்ட் லீ, வின்ஸ் கில், பிரெண்ட் மேசன், ஸ்டீவ் வாரினர், ஜான் ஜோர்கென்சன், ரெட் வோல்கார்ட் என்று ஏழு பேரோடு மாற்றி மாற்றி வாசிக்கிறார். மீட்டும் தகடான பிக்கும் விரலும் சேர்ந்து கம்பியைச் சுண்டும் அந்தச் சிக்கன் பிக்கிங்கில் யாருக்கும் சளைக்கவில்லை. 2009இல் கிராமி கிடைத்தது. அந்தக் கன்ட்ரி வாத்தியப் பிரிவையே 2011இல் கிராமிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். மொத்தப் பிரிவுகளை 109இலிருந்து 78 ஆகக் குறைத்தபோது அதுவும் போயிற்று. எனக்கு அது இன்றுவரை வருத்தம்.

அப்புறம், சிஎம்ஏ விருது கிட்டாருக்கானதே இல்லை. 1972, 73இல் வாங்கிய சார்லி மெக்காய் ஹார்மோனிகாக்காரர். 1991 முதல் ஆறு வருஷம் தொடர்ந்து மார்க் ஓகானரின் ஃபிடில், அதாவது வயலின். 2019இல் ஜெனீ ஃப்ளீனர், அதுவும் ஃபிடில். இந்த விருதை வாங்கிய முதல் பெண். ஃபிடிலையும் படுக்கவைத்து வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டாரையும் பியானோவையும் சாதாரணக் கிட்டாரையும் ஒரே தராசில் வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

பழையரெக்கார்டு:

தம்பி ஆறாம்கம்பி, நீங்கள் குரலிலிருந்து ஆரம்பித்ததே சரியான வழி. வாக்குப் போடுவது சிஎம்ஏ உறுப்பினர்கள், அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள். ஸ்டுடியோவில் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் என்ன செய்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஸ்டுடியோ கிட்டார்காரர் கிரேடி மார்ட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'எல் பாஸோ'வில் பாட்டு முழுக்க ஸ்பானிய சாயலில் ஒரு கிட்டார் ஓடுகிறதே, அது அவர்தான். கதை சொல்லும் குரலை ஓர் இடத்தில்கூட மறைக்கவில்லை. 1961இல் ஹிட்டான, அதே ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பதிவில் மிக்ஸரில் ஒரு சேனல் கெட்டுப்போய் மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று வந்தது. அதை அப்படியே விட்டார்கள். ஃபஸ் என்கிற அந்தக் கரகர கிட்டார் ஓசைக்கு அதுவும் ஒரு தொடக்கம். சிஎம்ஏ வாத்திய விருதுப் பட்டியலில் மார்ட்டின் பெயர் இல்லை. 2001இல் இறந்தார், 2015இல்தான் கன்ட்ரி இசையின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். எனக்குக் கோபம் என்றால் இதற்குத்தான், பெய்ஸ்லிக்காக இல்லை.

இந்த விருதின் முதல் மூன்று வருஷமும், 1967 முதல் 69 வரை, கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் வாங்கினார். மொத்தம் ஒன்பது முறை. அவர் தானே சிலருக்கு 'சர்ட்டிஃபைட் கிட்டார் பிளேயர்' என்று பட்டம் கொடுத்தார்: ஜெர்ரி ரீட், ஸ்டீவ் வாரினர், ஜான் நோல்ஸ், ஆஸ்திரேலியாவின் டாமி இம்மானுவேல். ஓட்டும் கிடையாது, மேடையும் கிடையாது, ஒரு வாசிப்பவரின் காது மட்டும்தான். என்னைக் கேட்டால் எல்லா விருதுக்கும் மேல் அதுதான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் டான் ரிச். பாடகர் பக் ஓவன்ஸின் டெலிகாஸ்டர்காரர். ஓவன்ஸ் பாடும்போது மேலே சேர்ந்து பாடும் மெல்லிய குரலும் இவருடையதே. 1974 ஜூலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். அந்த வருஷ சிஎம்ஏ வாத்திய விருது அவர் பெயருக்கு. ஓவன்ஸின் 1966 கார்னகி ஹால் கச்சேரிப் பதிவைக் கேளுங்கள், ஹெட்ஃபோனில்.

ஆறாம்கம்பி:

ஐயா, நேற்று ராத்திரி இரண்டு முறை கேட்டேன். ரிச், ஓவன்ஸோடு சேர்ந்து பாடிக்கொண்டே இருக்கிறார், வரி முடிந்து மூச்சு எடுக்கிற இடத்தில் டெலி பதில் சொல்கிறது. குரல் எந்த உயரத்தில் நின்றதோ கிட்டார் அங்கிருந்தே தொடங்குகிறது. நான் இத்தனை நாள் அந்த இடைவெளியில் எத்தனை சுரம் திணிக்கலாம் என்றுதான் பார்த்திருக்கிறேன்.

நைட்ஷிப்ட், ஒரே தராசு பற்றி நீங்கள் சொன்னது நியாயம். நண்பருக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு ஜோன்ஸ் பாட்டை ஓடவிட்டு, அவர் நிறுத்தும் இடங்களில் மட்டும் வாசித்துப் பார்க்கப் போகிறோம், ஆளுக்கு ஒரு சரணம். ஐயா, கிரேடி மார்ட்டின் வேறு எந்தப் பாடகர்களுக்கு வாசித்தார் என்று நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.