பழைய கேரவன் 14 லட்சம் கேட்கிறார்கள், வாங்கலாமா?

கம்பத்துக்காரன்:
தேக்கடி, வாகமன் என்று குடும்பத்தோடு போய்த் தங்கிவர ஒரு கேரவன் தேடுகிறேன். கோட்டயம் பக்கம் ஒருவர் டிராவலர் வண்டியை கேரவனாக மாற்றி வைத்திருக்கிறார், 14 லட்சம் சொல்கிறார். புதிதாகச் செய்ய பட்டறையில் 26 கேட்கிறார்கள். உள்ளே பார்த்தால் பழையதுதான் பளபளப்பு, கலர் லைட்டெல்லாம் போட்டு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

மலையேறி:
லைட்டை விடுங்கள் அண்ணே. மெத்தையை எடுத்துவிட்டு அடிப்பலகையின் மூலைகளை, முக்கியமாக ஜன்னலுக்குக் கீழே, விரலால் அழுத்திப் பாருங்கள். கூரையில் ஏசிக்கு வெட்டிய இடத்தில் சீலன்ட் (இடுக்கில் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பசை) விட்டுப்போனால் அந்தப் பக்கத்து ஜூன் மழை நேராக உள்ளே இறங்கி பிளைவுட் உப்பிவிடும், மேலே மைக்கா ஒட்டி மறைத்திருப்பார்கள். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருந்தால் மெரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட். கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள், பூஞ்சை வாடை தானே வரும்.

பட்டறைவாசி:
கரூரில் பஸ் பாடி கட்டியவன் என்பதால் சொல்கிறேன், முதலில் எடை மேடையில் ஏற்றுங்கள். இரும்பு டியூபும் கனமான பலகையுமாக அடைத்திருந்தால் ஆள் ஏறுவதற்கு முன்பே வண்டி தாங்கும் எடையை நெருங்கியிருக்கும். 150 லிட்டர் தண்ணீர் தொட்டி என்றால் அதுவே 150 கிலோ. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது பிரேக் வாடை அடித்தால் அப்புறம் யோசித்துப் பயனில்லை.

கம்பத்துக்காரன்:
சரி. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் என்கிறாரே? 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று இருக்கிறது.

மலையேறி:
ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிது. 12 வோல்ட்டில் அது மொத்தமே 1800 வாட் மணி, டியூபுலரில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி ஆயுள் போய்விடும். ஆர்.சி.யில் என்ன போட்டிருக்கிறது?

கம்பத்துக்காரன்:
இப்போதுதான் போட்டோ அனுப்பினார். வேன் என்றுதான் இருக்கிறது. "அதொக்கெ ஆரும் கேட்காது சேட்டா" என்கிறார்.

பட்டறைவாசி:
செக்போஸ்ட்டில் கேட்காமல் விடலாம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கேட்பான். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தப்பு. ஆர்.சி.யில் கேரவன் என்று மாற்றி, வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற அங்கத்து ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றையும் (என்.ஓ.சி.) அவரே வாங்கித் தரட்டும். இங்கே தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரியையும் 14 லட்சத்தோடு கூட்டிப் பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.