ஐந்து பேர் உச்சிக்கு, இரண்டு பேர் கீழே

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையிலிருந்து இறங்கி அடிவாரத்து மோஷி நகருக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பலர் கேட்டுவிட்டீர்கள்: "ஏழு பேரும் உச்சியைத் தொட்டீர்களா?" இல்லை. ஐந்து பேர் 5,895 மீட்டர் உயரமுள்ள உகுரு உச்சியில் நின்றார்கள். பெரிய அண்ணனும் நானும் 5,300 மீட்டர் வாக்கில் திரும்பிவிட்டோம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்டவே இந்த மலையேற்றம். நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. சின்னக் குறைகள் பல தாமாகவே சரியாகிவிடும். வேறு சிலவற்றில், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் நேராக உடலுக்குத் திரும்பிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அண்ணன் மகளுக்கு இருந்தது அதுதான். ஓடி விளையாடுகிற குழந்தை பாதியில் நின்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். யாரும் சொல்லித்தரவில்லை. அப்படி உட்காரும்போது கால்களின் ரத்தக்குழாய்கள் அழுந்தி, நுரையீரலுக்குப் போகிற ரத்தம் கூடுகிறது. மூச்சு கொஞ்சம் லேசாகிறது. நான்கு வயதில் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இன்று பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள்.

நாங்கள் போனது மச்சாமே வழி. முதல் நாள் முழுக்க மழைக்காடு. அடுத்த நாள் புதர்வெளி. பிறகு கல்லும் புழுதியும்தான். மூன்றாம் நாள் லாவா டவர் என்ற பாறை வரை, 4,600 மீட்டருக்கு ஏறி, அன்று மாலையே 4,000 மீட்டருக்கும் கீழே பராங்கோ பள்ளத்தாக்கில் இறங்கிப் படுத்தோம். ஏறிய உயரத்தை அன்றே இழப்பது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் மெல்லிய காற்றுக்கு உடல் பழகுவது அப்படித்தான். வழிகாட்டிகள் ஓயாமல் சொன்ன ஸ்வாஹிலிச் சொல் "போலே போலே", அதாவது மெதுவாக, மெதுவாக.

கடைசி முகாமான பராஃபுவில், உச்சிக்குக் கிளம்பும் முன் எல்லோர் விரலிலும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினார்கள். எனக்கு 81 சதவீதம். அண்ணனுக்கு 76. அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் இதே எண்தான். வீட்டில், கட்டிலில் படுத்திருக்கும்போது" என்றார். எங்களுக்குக் கீழே இறங்க ஒரு வழி இருந்தது. அந்தக் குழந்தைக்கு இறங்க இடமில்லை. யாருக்காக நிதி திரட்டுகிறோம் என்பது எனக்கு உடம்பில் உறைத்தது அப்போதுதான்.

நள்ளிரவில் கிளம்பினோம். தலையில் மாட்டிய விளக்கின் வட்டத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். மூன்று மணி சுமாருக்கு அண்ணன் இரண்டு முறை பக்கவாட்டில் தள்ளாடினார். தலைமை வழிகாட்டி எங்களை நிறுத்தி, ஊன்றுகோலால் சரளையில் நேராக ஒரு கோடு கிழித்தார். குதிகாலை அடுத்த பாதத்தின் கட்டைவிரலோடு ஒட்டவைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அண்ணன் கோட்டை விட்டு விலகிச் சாய்ந்தார். மூளையில் நீர் கோத்துக்கொள்வதற்கு இது முக்கியமான அறிகுறி. அசட்டையாக இருந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரையைக் கொடுத்தபடியே வழிகாட்டி, "இது இறங்குவதற்கு. ஏறுவதற்கு அல்ல" என்றார். உதவி வழிகாட்டி ஒருவரோடு நானும் அண்ணனும் இருட்டிலேயே இறங்கத் தொடங்கினோம்.

பராஃபுவுக்கு முந்தைய முகாமான கரங்காவிலேயே அவருக்குத் தலைவலி தொடங்கிவிட்டது என்பது இறங்கும் வழியில்தான் எனக்குத் தெரிந்தது. முந்தைய நாளிலிருந்து மறைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். குளிர்ச்சட்டையின் உள்பையைத் தொட்டுக் காட்டினார். "உச்சியைத் தொட்டால் இரண்டு மடங்கு தருகிறேன்" என்று உங்களில் சிலர் அன்போடு எழுதியிருந்தீர்களே, அந்தப் பெயர்ப் பட்டியலை மடித்து அதில் வைத்திருந்தார். தான் திரும்பினால் எத்தனை குழந்தைகளுக்குப் பணம் குறையும் என்று அதை வைத்தே கணக்குப் போட்டபடி நடந்திருக்கிறார்.

உங்கள் அன்பில் குறை காணவில்லை. அந்த நிபந்தனையை உற்சாகமாக அறிவித்தவர்களில் நானும் ஒருவன், தவறு என்னுடையதும்தான். உயரத்தின் மெல்லிய காற்றால் வரும் மலைநோய்க்கு முதல் பாதுகாப்பு வாய்விட்டுச் சொல்வது. தலை வலிக்கிறது, குமட்டுகிறது, நடை தடுமாறுகிறது என்று சொன்னால்தான் பக்கத்தில் இருப்பவர் காப்பாற்ற முடியும். நாம் வைத்த நிபந்தனை ஒரு நல்ல மனிதரின் வாயைக் கட்டிவிட்டது. இளைஞன், உடற்பயிற்சி செய்பவன் என்றெல்லாம் பார்த்து மலைநோய் வருவதில்லை. எங்களில் தினமும் ஓடிப் பழகியவர் அண்ணன்தான்.

எங்கள் கூடாரங்களையும் உணவையும் சுமந்த தொழிலாளிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஆளுக்கு 20 கிலோ வரை தூக்கிக்கொண்டு எங்களை முந்திச் சென்று, நாங்கள் சேரும் முன்பே கூடாரம் அடித்துவைத்தார்கள். அடுத்த முறை போகிறவர்கள் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், அவர்களுக்கு ஒழுங்கான கூலியும் உணவும் கொடுக்கிற நிறுவனமா என்று விசாரித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

காலை பத்து மணிக்கு மேல், 3,100 மீட்டரில் உள்ள ம்வேக்கா முகாமுக்கு வந்தோம். அண்ணன் தேநீர் கேட்டுக் குடித்தார். பிறகு அவராகவே எழுந்து, மண்ணில் தம் ஊன்றுகோலால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் பத்து அடி பிசகாமல் நடந்து காட்டினார். உதவி வழிகாட்டி கைதட்டினார்.

உச்சியை நிபந்தனையாக வைத்தவர்கள் அதை நீக்கிவிட்டதாகப் பொருளாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இந்த மாதக் கடைசியில் கணக்கை முடித்து மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். அண்ணனிடம் இருந்த பட்டியலை நான் வாங்கி வைத்திருக்கிறேன். அவரிடம் அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.